சித்திரைக்கு ஒரு பூ

ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். வாசல் கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பேன். பல் துலக்கிவிட்டுப் பின்கதவைத் திறந்து குழாயடிக்குப் போவேன். அங்கே ஒரு மண் தட்டு இருக்கிறது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு. அதில் கிடக்கும் கூழாங்கற்களை எடுத்துத் தரையில் வைப்பேன். பழைய தண்ணீரைக் கொட்டுவேன். தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவுவேன். புதுத் தண்ணீர் ஊற்றிக் கற்களைத் திரும்ப அடுக்குவேன். தண்ணீருக்கு மேலே கல்லின் முதுகு தெரிய வேண்டும். தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன். அப்புறம் டீ போடுவேன். ஏழு மணிக்கு பைக்கை எடுப்பேன். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. எட்டு மணிக்குள் கார்டு அடிக்க வேண்டும்.

2010 ஆகஸ்டிலிருந்து இது ஒரு நாளும் தவறியதில்லை. அதில் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தட்டுக்கு ஒரு பூச்சியும் வரவில்லை.

தட்டை வைத்தது என் மனைவி அறிவுமதி. தேனீக்கள் தண்ணீர் குடிப்பதற்காக வைத்தாள். கல் இல்லாவிட்டால் அவற்றுக்கு உட்கார இடமிருக்காது. விழுந்து மூழ்கிவிடும்.

எங்கள் கல்யாணம் 2007 தை மாதம் நடந்தது. அவள் சிதம்பரத்தில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். பெண் பார்க்கப் போன அன்று எங்களைத் தனியாகப் பேசவிட்டார்கள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வூட்டுக்குப் பின்னால எடம் இருக்குதா?"

ஐந்து சென்ட் இருக்கிறது என்றேன்.

"வெய்யில் அடிக்குமா?"

அடிக்கும் என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரி எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை. எடத்தத்தான் கட்டிக்கிட்டேன், நீங்க அதோட வந்தீங்க என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள்.

வீடு கடலூரிலிருந்து திருவந்திபுரம் போகிற வழியில் இருக்கிறது. ஆற்றுக்குப் பக்கம் என்பதால் மண்ணில் பாதி மணல். புதுப்பெண் ரோஜாப் பதியன் வாங்கி வரச் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ரோட்டோரம் பார்த்துக்கொண்டே வருவாள். நிறுத்துங்க என்று முதுகில் தட்டுவாள். இறங்கிப் போய்க் காய்ந்த விதைகளை உருவிப் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் போட்டுக்கொள்வாள். தும்பை திருவந்திபுரம் மலையடிவாரத்தில் கிடைத்தது. கொழுஞ்சி பரங்கிப்பேட்டை போகிற ரோட்டில் கிடைத்தது. ஆவாரை, துத்தி, விஷ்ணுகிரந்தி எல்லாம் எங்கே எடுத்தாள் என்று நினைவில்லை. யாரும் காசு கொடுத்து வாங்காத செடிகள். ஆடு மேய்கிற இடத்தில் தானாக முளைக்கிறவை. அவற்றைப் புரட்டாசியில் மழைக்கு முன்னால் தூவினாள். தண்ணீர் தெளித்தாள். காவல் காத்தாள்.

அடுத்த வீட்டுப் பக்கிரி மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு பார்ப்பார்.

"ஏம்மா மருமவளே, ஊரு ஒலகத்துல களைய எடுக்க ஆளு உடுவாங்க. நீ களைக்கே வெத தூவுற?"

"ஒங்க பரங்கிக் கொடி காய்க்கறதே எங்க வூட்டு வண்டாலதான் மாமா. அதுக்குக் கூலியா ஒரு காய் குடுங்க."

"எங்கொடியில தின்னுட்டுதான போவுது? கூலி சாப்பாட்டுல கழிஞ்சிப் போச்சி, போ."

சொன்னாரே ஒழிய வருஷா வருஷம் முதல் காயை மதில் மேல் வைத்துவிடுவார்.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்றைச் சமையலறையில் மாட்டியிருந்தாள். ஒவ்வொரு மாதத்தாளிலும் பின்தோட்டத்தில் எது பூத்திருக்கிறது, அதில் எந்தப் பூச்சி வந்தது என்று பென்சிலால் எழுதுவாள். வருஷம் மாறினாலும் காலண்டரை மாற்றவில்லை, அதே தாள்களில்தான் எழுதினாள். கார்த்திகையில் தும்பை வெள்ளையாகிவிடும். மார்கழியிலிருந்து கொழுஞ்சி. தைக்கு ஆவாரை. மாசி முழுக்கத் துத்தி, அதுவும் சாயங்காலம்தான் விரியும் என்று நான் டூட்டி முடிந்து வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள். பங்குனியில் பக்கிரி வீட்டு வேம்பு. அது அவருடைய மரம் என்றாலும் அவள் காலண்டரில் சேர்த்துக்கொண்டாள். எனக்கு வாசனை தெரியாது. லேபில் எட்டு வருஷம் இருந்து மூக்கு செத்துவிட்டது. வேம்பு பூத்திருக்கிறது என்று அவள் சொன்னால்தான் உண்டு.

ஒரு மாதமும் பூவில்லாமல் இருக்கக் கூடாது என்பது அவளுடைய கணக்கு.

"ஒரு மாசம் கடைய மூடிட்டா குடும்பமே பட்டினியில செத்துப் பூடும். அடுத்த மாசம் தொறந்து யாருக்குக் குடுக்கறது?"

சித்திரை மட்டும் காலியாக இருந்தது. கத்திரி வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும். மூன்று சித்திரை அவள் தேடினாள். மூன்றாவது சித்திரையில் எங்கோ பார்த்துவிட்டு வந்து காலண்டரில் "நெருஞ்சி?" என்று எழுதினாள்.

"முள்ளையா?" என்றேன்.

"வெய்யில் ஏற ஏறப் பூக்குது. பொட்டுப் பொட்டா மஞ்சளா. சின்னத் தேனீ அதுலதான் கெடக்குது."

"கால்ல குத்தும்."

"செருப்புப் போட்டுக்கிட்டு வாங்க. மகாராஜா."

அடுத்த பங்குனியில் விதைக்க வேண்டும் என்றாள்.

தோட்டத்தின் நடுவே நாலடிக்கு நாலடி வெறும் தரை விட்டிருந்தாள். அதில் ஈர்க்குச்சி நுழைகிற அளவுக்குச் சிறு துளைகள் இருந்தன. எறும்புப் புற்று என்று நினைத்தேன். மண்ணுக்குள் குடியிருக்கிற தேனீ என்றாள். நான் மிதித்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் செங்கல் துண்டு வைத்தாள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சுவர் ஓட்டையில் கொசுத்தேனீக்கள் இருந்தன. எதுவும் கொட்டுகிற ரகம் இல்லை. மூன்று வருஷத்தில் எனக்கு ஒரு பூச்சியின் பெயரும் ஒழுங்காக வரவில்லை. அவளுக்கு அதில் வருத்தமில்லை. காலையில் தட்டைக் கழுவித் தண்ணீர் வைக்கிற வேலையை மட்டும் எனக்குக் கொடுத்திருந்தாள்.

2010 ஆடிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. நான் காலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தட்டில் தண்ணீர் மாற்றிவிட்டுத் திரும்பிப் போவேன். ஐந்தாம் நாள் காலையில் கற்களை எடுத்துத் தரையில் வைத்தேன். தட்டைக் கழுவினேன். தண்ணீர் ஊற்றினேன். போன் அடித்தது. அவள் தம்பி செந்தமிழ்செல்வன் பேசினான். ரத்தம் கொடுக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றான். அப்படியே கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

வார்டில் அவள் விழித்திருந்தாள். என்னிடம் ஒன்று கேட்டாள். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பதரைக்கு அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மறுநாள் மாலை நாலு மணிக்கு இறந்தாள். இருபத்தேழு வயது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூட்டம் இருந்தது. கை கால் கழுவப் பின்பக்கம் போனேன். கற்கள் தரையில் வைத்த இடத்திலேயே இருந்தன. தட்டில் ஐந்து தேனீக்கள் மிதந்தன. ஒன்றின் கால் அசைகிற மாதிரி இருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அந்த இடத்திலேயே என் மாமியார் வந்து பிடித்துக்கொண்டார். அவர் பெயர் அமிர்தம். சிதம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி வீடு. வீட்டை ஒட்டி முக்கால் ஏக்கர் கொல்லை. மாமனார் போன பிறகு அதை அவர்தான் பயிர் வைக்கிறார். மகள் பேச்சற்றுப் போன பிறகுதான் அவரால் வந்துசேர முடிந்தது.

"மாப்ள, எம் பொண்ணு கடைசியா என்னா சொன்னா? ஒரு வார்த்த சொல்லுங்க. எதனா சொல்லியிருப்பா."

என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்னால் பெண்கள் நின்றார்கள். அவருக்குப் பின்னால் தோட்டம் தெரிந்தது.

"தோட்டத்தப் பாத்துக்கச் சொன்னா அத்த."

சொல்லிவிட்டேன். அவர் சட்டையை விட்டார். திரும்பித் தோட்டத்தைப் பார்த்தார். அழுகை அப்போதுதான் வந்தது அவருக்கு.

கருமாதி முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை நான் டூட்டி முடிந்து வந்தபோது அத்தை பின்தோட்டத்தில் இருந்தார். காலை பஸ்ஸில் வந்திருக்கிறார். மாற்றுச் சாவி பக்கிரி வீட்டில் இருந்தது. கையில் களைக்கொத்து. புடவையை இழுத்துச் செருகியிருந்தார். முகத்தில் வேர்வை வழிந்தது.

"இப்புடியா மாப்ள போட்டு வெப்பீங்க? அவ படுத்த இந்த ஒரு மாசத்துல காடா மண்டிப் போச்சி."

அவர் நினைத்ததில் தப்பில்லை. நாற்பது வருஷம் களை எடுத்த கை. தும்பை முளைத்த கொல்லையைப் பார்த்தால் அந்த வீட்டில் பொம்பளை இல்லையா என்று கேட்கிற ஊர். மகள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். பார்த்துக்கொள்வது என்றால் அவருக்கு ஒரு அர்த்தம்தான்.

தும்பையும் கொழுஞ்சியும் வேரோடு பிடுங்கப்பட்டு மூலையில் குவிந்திருந்தன. துத்தியை வெட்டியிருந்தார். ஆவாரையை அடியோடு கழித்திருந்தார்.

"இருக்கட்டும் அத்த. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

"எம் பொண்ணு எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான மாப்ள. இதுல என்னா செரமம்?"

நான் உள்ளே போய் டீ போட்டேன். இரண்டு டம்ளர்.

அப்போது சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரி சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமென்றால் அவள் அப்படிச் சொல்லவேயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறி வந்திருந்தார்.

அவர் எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தார். மழை வெயில் பார்க்கவில்லை. முதல் மூன்று வாரத்தில் இடம் சுத்தமானது. பிறகு செங்கல்லால் பாத்தி கட்டினார். நர்சரியிலிருந்து ஒட்டு ரோஜா பன்னிரண்டு தொட்டி கொண்டுவந்து இறக்கினார். கனகாம்பரம், குரோட்டன்ஸ். மஞ்சள் செவ்வந்தி, இதழ் இதழாக அடைத்துப் பூப்பந்து மாதிரி இருக்கிற ரகம். நடுவிலிருந்த வெறும் தரையைப் பார்த்து முகம் சுளித்தார். "எறும்பு ஓட்ட ஓட்டையா போட்டு வெச்சிருக்குது" என்று வெள்ளைப் பொடியைத் தூவி, சாணி கரைத்து மெழுகினார். மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் தூவினார். நான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய படத்துக்கு அந்தத் தோட்டத்துச் செவ்வந்தியைத்தான் கட்டிப் போட்டார். வெள்ளிக்கிழமை வீட்டில் சமையல் நடந்தது. எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து ரோஜாவில் எத்தனை மொட்டு விட்டிருக்கிறது என்று சொல்வார். அவர் முகத்தைப் பார்ப்பேன். சாப்பிட்டு எழுந்திருப்பேன்.

காலண்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அதில் அவள் எழுத்து 2010 ஆடியோடு நின்றிருந்தது.

தட்டில் தண்ணீர் மாற்றினேன். கல் அடுக்கினேன். யாரும் வரவில்லை.

2011 ஐப்பசியில் பக்கிரி மதில் மேல் கையை ஊன்றினார்.

"தம்பி, பரங்கி இந்த வருசம் பூ பூவா பூக்குது. ஒரு பிஞ்சு நிக்கல. போன வருசம் மூணு காய். இந்த வருசம் அதுவும் இல்ல. மருமவ சொல்லும்ல, வண்டு வண்டுன்னு. நான் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தேன்."

 அவர் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வருஷம் மதில் மேல் காய் இல்லை.

டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலை தானே புயல் கரை கடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அந்தக் காற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியே வந்தபோது பக்கிரி வீட்டு வேம்பு எங்கள் மதிலை உடைத்துக்கொண்டு பின்தோட்டத்தில் விழுந்து கிடந்தது. ரோஜாத் தொட்டிகள் நொறுங்கியிருந்தன. தப்பிய செடிகளில் இலை கருகியிருந்தது. உப்புக்காற்று. பாத்திச் செங்கல் மேல் மண் மூடியிருந்தது. தட்டைத் தேடினேன். குழாய் மேடைக்கு அடியில் உடையாமல் கிடந்தது. கழுவினேன்.

மூன்று வாரம் கரண்ட் இல்லை. அத்தை வீட்டுக் கூரை ஷீட்டுகளும் பறந்துவிட்டதாகச் செந்தமிழ்செல்வன் போன் செய்தான். தான் புதுச்சேரியிலிருந்து போயிருப்பதாகவும், அம்மாவால் இப்போதைக்கு வர முடியாது என்றும் சொன்னான். பக்கிரி ஆள் வைத்து மரத்தை அறுத்து எடுத்தார். மரம் போன இடத்தில் வெயில் விழுந்தது.

ஜனவரி கடைசியில் ஒரு காலை கற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பச்சையாக எதையோ பார்த்தேன். மரம் விழுந்து கிளறிப்போட்ட மண்ணில் முளைத்திருந்தது. இலையைக் கசக்கிப் பார்த்தேன். எனக்கு வாசனை தெரியாது. பக்கிரியிடம் நீட்டினேன்.

"தும்ப" என்றார்.

பத்து நாளில் கொழுஞ்சியும் வந்தது. வெட்டிய ஆவாரைக் கட்டையில் துளிர் விட்டது. எத்தனை விதையை அந்த மண்ணில் போட்டாள் என்று தெரியவில்லை. ஒன்றரை வருஷம் பிடுங்கியும் மிச்சம் இருந்திருக்கிறது. பிப்ரவரியில் தும்பை பூத்தது. ஊரில் முந்திரி இல்லை, முருங்கை இல்லை, எந்த மரத்திலும் பூ இல்லை. ஒரு நாள் காலையில் தட்டில் நடுக் கல்லின் மேல் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. அது குடித்துவிட்டுப் போகும்வரை நின்றேன். அன்று கார்டு அடிக்க லேட்.

பிப்ரவரி கடைசி வெள்ளி எனக்கு வார விடுப்பு. ஒன்பது மணிக்கு அத்தை வந்தார். இளைத்திருந்தார். பையை வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனார்.

"ஐயோ. அத்தனையும் பாழாப் போச்சே."

குழாயடியில் வைத்திருந்த களைக்கொத்தை எடுத்தார். புடவையைச் செருகினார். முதல் கொத்து போட்டபோது தும்பையிலிருந்து நாலைந்து பூச்சிகள் எழுந்தன.

"அத்த, அத உட்டுடுங்க."

"எத?"

"அந்தச் செடிங்கள."

"தும்ப மாப்ள. களை."

"தெரியும். அவ வெதச்சது."

அத்தை கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்ப இத்தன நாளா நான் புடுங்கிப் போட்டதுல்லாம்?"

"அதுவும்தான்."

"பாத்துக்கிட்டுதான நின்னீங்க? ஏன் சொல்லல?"

என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் ஒன்றரை வருஷம் ஓட்டியிருந்தேன். இன்னும் ஓட்டியிருக்கலாம். கொத்து தும்பைக்குப் பக்கத்தில் இருந்தது.

"அவ தோட்டத்தப் பாத்துக்கச் சொல்லல அத்த. அது நானா சொன்னது."

ஆஸ்பத்திரியில் அவள் என்ன கேட்டாள் என்பதைச் சொன்னேன். இந்தத் தட்டைப் பற்றித்தான் கேட்டாள் என்று சொன்னேன்.

அத்தை தட்டைப் பார்த்தார்.

"என்னப் பத்தி?"

"ஒண்ணும் கேக்கல."

"அம்மான்னு ஒரு வார்த்த?"

"இல்ல அத்த."

"அவ கேட்டதுக்கு நீங்க என்னா சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

"போட்டீங்களா?"

"இல்ல."

அவர் அங்கேயே, மண்ணிலேயே உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கிரி வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்த தும்பையைக் காட்டி, "இதெல்லாம் எதுக்கு வெதச்சா?" என்று கேட்டார். உள்ளே போய்க் காலண்டரை எடுத்து வந்தேன். ஒவ்வொரு தாளாகப் படித்துக் காட்டினேன். கார்த்திகைக்குத் தும்பை, மார்கழிக்குக் கொழுஞ்சி, தைக்கு ஆவாரை. தன் கையால் வெட்டியவற்றின் பெயர்களை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் குடியிருந்த தேனீயைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் தாண்டிப் படித்தேன். சித்திரைத் தாள் வந்தது.

"சித்திரைக்கு என்னா?"

"நெருஞ்சி. கேள்விக்குறி போட்டிருக்கா. வெதைக்கல. அதுக்குள்ள..."

"நெருஞ்சியா?" என்றார். "முள்ளையா?"

நானும் அதைத்தான் கேட்டேன் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

அத்தை எழுந்தார். கொத்தைக் கழுவிக் குழாயடியில் சாய்த்து வைத்தார். பையை எடுத்துக்கொண்டார். சமைக்கவில்லை, சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. தோட்டத்தில் துத்தி பூத்தது. சாயங்காலம் வந்து பார்த்தேன். வீட்டில் சொல்ல ஆள் இல்லை. மூன்றாவது வெள்ளியும் போனது. அந்தப் பொய் ஒன்றுதான் அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது என்று தோன்றியது. அதையும் எடுத்துவிட்டேன்.

நான்காவது வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் முறிந்த மரங்கள் ரோட்டோரம் அடுக்கிக் கிடந்தன. ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் நின்றேன். வீட்டுக் கூரையில் செந்தமிழ்செல்வன் உட்கார்ந்து ஷீட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. ஏணியப் புடிக்க ஆளு இல்லன்னு இப்பதான் நெனச்சேன்."

"அத்த?"

"கொல்லையிலதான். மூணு வாரமா ஆளே சரியில்ல மாமா. வூட்டு வேலைய உட்டுட்டு வரப்புல குந்திக்கிட்டு என்னாத்தையோ பொறுக்கிக்கிட்டே இருக்குது. கேட்டா திட்டுது. நீங்க கேளுங்க."

வரப்பில் அத்தை குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் செருப்போடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தரையில் படர்ந்திருந்த கொடியைப் புரட்டி, காய்ந்த முள்ளை விரல் நுனியால் கிள்ளிப் பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டில் முக்கால் நிறைந்திருந்தது. விரல்களில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது.

"பச்சக் காய் மொளைக்காது மாப்ள. நல்லா காஞ்சதா பாத்துத்தான் எடுக்கணும். ஊர் பூரா புடுங்கிப் போட்டுட்டேன் நாப்பது வருசமா. இப்ப தேடறேன்."

"சேந்து பொறுக்கலாம் அத்த."

"ஒங்களுக்குக் குத்தும்."

நான் கொடியைப் புரட்டினேன். குத்தியது. பொறுக்கினேன்.

"வெதச்சா எத்தினி நாள்ல பூக்கும்னு எழுதியிருக்கறாளா?"

"இல்ல."

"தண்ணி காட்டுனா ஒரு மாசம். சித்திரைக்கு வந்துடும்." பாட்டிலைக் குலுக்கி முட்களைக் கீழே இறக்கினார். "எம்மேல கோவமா இருந்திருப்பாளா மாப்ள? அத்தனையையும் வெட்டிப் போட்டேனே."

"இல்ல அத்த."

"பின்னால அதையும் நானா சொன்னதும்பீங்க."

 அவர் மூடியைத் திருகி மூடினார். பாட்டிலை என் மடியில் வைத்தார். வீட்டுப் பக்கமிருந்து ஆணி அடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஒரு வாட்டி சொல்லுங்க. அவ கடைசியா கேட்டத."

"சொன்னேனே அத்த."

"நீங்க சேதி சொல்ற மாரி சொன்னீங்க. அவ கேட்ட மாரி சொல்லுங்க."

அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. நான் மறந்திருப்பேன் என்கிற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு. அதில் பாதி சிரிப்பு இருக்கும். அன்றும் இருந்தது. அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ஏங்க, தட்டுல கல்லு போட்டுட்டுதான வந்தீங்க?"